வேடம் கலைக்காமல் வீட்டுக்குள் வருகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் ஒரு கடிதம் வந்திருந்தது. புகுந்த வீட்டார் செய்யும் கொடுமைகளையெல்லாம் வாய் திறவாமல் பொறுத்துக்கொள்ளும் மருமகளாகத் தொடரொன்றில் நடித்துவரும் நடிகை ஒருவர், சொந்த வாழ்வில் திருமணமான இரண்டாம் ஆண்டிலேயே மணவிலக்குக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போயிருப்பது அப்பட்டமான இரட்டை வேடம் என்றும், இப்படிப்பட்டவர்களைக் குடும்பத்துப் பெண்கள் பார்க்கும் தொடர்களில் நடிக்கவே விடக்கூடாது என்றும் அதை எழுதியவர் கொதித்திருந்தார். படித்த நாளிலிருந்து அதற்குப் பதில் எழுத வேண்டும் என்ற எண்ணம் மனத்துக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபம் போய்ச் சேர்ந்திருக்கும் விலாசம்தான் தவறு என்பது என் கருத்து.

1995-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாளையங்கோட்டையில் கேபிள் டிவி இணைப்புத் தொழில் செய்தவன் நான். தொடர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தொடர் பார்ப்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஏதாவதொரு தெருவில் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிப் படம் நின்றுபோனால், அடுத்த நிமிடம் என் வீட்டுத் தொலைபேசி அலறத் தொடங்கும். "அண்ணாச்சி, இன்னைக்குத்தான் கோர்ட்ல தீர்ப்பு சொல்லுதாவ, இன்னைக்குப் போயி லைனு இல்லாமப் பண்ணிட்டியளே" என்று ஓர் அம்மாள் அழாத குறையாகச் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. தீர்ப்பு யாருக்கு, எந்த வழக்கில் என்று கேட்கத் துணிவில்லாமல், மழையோடு மழையாக ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்படிப் போன அனுபவத்தின் பேரில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நடிகையின் மணவிலக்கைப் பற்றி. பொறுமைசாலியாக நடிப்பதற்குக் கூலி வாங்கிய பெண், சொந்த வாழ்விலும் பொறுத்துக்கொண்டே கிடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. திரையில் கொலை செய்தவரை நாம் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதில்லை. எத்தனையோ படங்களில் கதாநாயகியின் கையைப் பிடித்து இழுத்த எம்.என்.நம்பியார், வெளியே மதுவும் புகையும் தொடாத சைவ உணவுக்காரர்; பல பத்தாண்டுகள் சபரிமலைக்கு மாலை அணிந்து சென்று, குருசாமி என்று மதிக்கப்பட்டவர். அண்மைக் காலத்தில் 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வந்து வீட்டுப் பெண்களை அதட்டி மிரட்டிய மாரிமுத்து, வெளியே திரைப்பட இயக்குநர். ஜோதிடம் பற்றிய தொலைக்காட்சி விவாதமொன்றில் ஜோதிடர்களை எதிர்த்து வாதாடியவர். 2023 செப்டம்பரில், அந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் உடல்நலம் குன்றி அவர் இறந்துபோனார். முந்தின இரவு வரை அவரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்கள், அன்று காலையில் தண்ணீர்க் குழாயடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கெட்டவராக நடிப்பவர் நல்லவராக இருந்தால் அதை ஒரு சுவையான செய்தியாகச் சொல்லி மகிழ்கிற நாம், நல்லவராக நடிப்பவர் நம்மைப் போலவே சண்டையும் சச்சரவுமாக வாழ்ந்தால் மட்டும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறோம். அந்த நடிகை யாரையும் ஏமாற்றவில்லை. அவருக்கும் கணவருக்கும் இடையே நடந்தது நம் வீட்டுக்குக் கேபிள் வழியாக வந்த சரக்கல்ல.

எங்கள் தாமிரவருணிக் கரைக் கிராமங்களில் நடிப்பையும் நடிப்பவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. என் சொந்த ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குக் கணியான் கூத்து வைப்பார்கள். அண்ணாவி முன்னால் நின்று கதை பாட, இரண்டு பேர் மகுடம் என்னும் தோல் கருவியை அடிக்க, இரண்டு ஆண்கள் பெண் வேடம் கட்டிக் காலில் சலங்கையோடு விடிய விடிய ஆடுவார்கள். சிறுவனாக இருந்தபோது அவர்களில் ஒருவரைப் பெண் என்றே நம்பி, என் ஆச்சியிடம் கேட்டுத் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால், கொடை முடிந்த காலையில் அதே மனிதர் வாய்க்காலில் முகத்துச் சாயத்தைக் கழுவிவிட்டு, சாரம் (கைலி) கட்டி, காது மடலில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்க, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கடனுக்கு டீ கேட்பார். கடைக்காரர் பழைய பாக்கியை நினைவுபடுத்துவார். இரவு அவர் சொன்ன கதைக்குக் கண்ணீர் விட்ட ஊர், காலையில் அவருடைய பாக்கிக்கு விட்டுக்கொடுக்காது. வேடம் கட்டுவதை ஊர் பார்த்தது, வேடம் கலைப்பதையும் ஊர் பார்த்தது. ஆகவே அங்கே யாரும் ஏமாற வழியே இல்லை.

இந்தச் சீமைக்காரர் இன்னொருவரை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. அன்றைய திருநெல்வேலிச் சீமையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், தொடக்கத்தில் எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் நடித்தவர். அவர் சனீசுவரனாக வந்து நின்ற கோலத்தைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டு நாடகம் எழுதுவதிலும் கற்பிப்பதிலும் இறங்கிவிட்டதாகவும் நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். 'நான் சனீசுவரன் இல்லையே, நடித்தேன், அவ்வளவுதானே' என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால், தன் வேடம் பார்ப்பவர் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதற்கும் தனக்கும் தொடர்பு உண்டு என்று அவர் நினைத்தார். நடிகரின் பொறுப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். வேடத்தைப் போலவே வாழ வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வேடம் பிறர் வீட்டில் செய்கிற வேலையை அறிந்திருக்க வேண்டும் என்று கேட்கலாம்.

தொலைக்காட்சி நடிகருக்கு அந்த வேலை சினிமா நடிகருக்கு உள்ளதைவிடப் பல மடங்கு கூடுதல். சினிமாக்காரரை நாம் பணம் கொடுத்து, வெளியே போய், இருட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம். தொடர் நடிகரோ தினமும் ஒரே நேரத்துக்கு நாம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, எதிரே, அவரும் சோற்றைப் பிசைந்துகொண்டு வருகிறார். மூன்று நான்கு ஆண்டுகள் அப்படி வந்தால் அவர் உறவினர் ஆகிவிடுகிறார். 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் இராமாயணத் தொடர் தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டியவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். அதில் இராமனாக நடித்த அருண் கோவில், பின்னாளில் ஒரு படப்பிடிப்பின் இடைவேளையில் புகைபிடித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து, உங்களை நாங்கள் தெய்வமாக நினைக்கிறோம், நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று திட்டிவிட்டுப் போனதாகவும், அன்றோடு தாம் புகைப்பதை விட்டுவிட்டதாகவும் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். திட்டியவருக்கு அந்த உரிமை இல்லை என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த நடிகர் தம் வேடத்தின் கனத்தை உணர்ந்துகொண்டார் என்பது வேறு விஷயம்.

அதே தொடரில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவும் இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991 நாடாளுமன்றத் தேர்தலில் குஜராத்தில் ஒரே கட்சியின் சார்பில் போட்டியிட்டு இருவருமே வென்றார்கள். சீதைக்கும் வாக்கு, இராவணனுக்கும் வாக்கு! இராமனாக நடித்தவர் 2024-இல் மீரட் தொகுதியில் வென்றார். நடிகர் அரசியலுக்கு வருவதை நான் குறை சொல்லவில்லை. அது அவரவர் உரிமை. மக்களும் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வாக்களித்துவிடுவதில்லை. இந்தித் தொடரில் துளசி என்ற உத்தம மருமகளாக நாடே அறிந்த முகமாக இருந்த காலத்திலேயே, 2004-இல் சாந்தினி சவுக்கில் ஸ்மிருதி இரானி தோற்றார். வாக்குச் சாவடியில் இருக்கிற நிதானம் கடைத்தெருவில் நமக்கு ஏன் இல்லாமல் போகிறது என்பதுதான் என் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் வண்ணார்பேட்டையில் ஒரு நகைக்கடைத் திறப்பு விழா. மூன்று நாட்களுக்கு முன்பே சுவரெங்கும் ஒட்டியிருந்த சுவரொட்டிகளில், திறப்பு விழாவுக்கு வரும் வேறொரு தொடர் நடிகையின் பெயர் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது. தொடரில் அவருக்குள்ள பெயர்தான், 'உங்கள் வீட்டு மகள் வருகிறாள்' என்ற வரியோடு, முழ நீளத்துக்கு இருந்தது. அந்தத் தொடரின் கதையே, வரதட்சணை போதவில்லை என்று மாமியார் வீட்டாரால் துரத்தப்பட்ட பெண் சொந்தக் காலில் நிற்பது பற்றியது. விழா நாளன்று அவர் தொடரில் கட்டுகிற அதே மாதிரிப் பருத்திச் சேலையில், அதே ஒற்றைப் பின்னலோடு வந்து இறங்கினார். கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போன ஒரு பாட்டி அவர் கன்னத்தைத் தடவி, "அந்தப் பாவி வீட்டுக்கு மட்டும் திரும்பிப் போயிராத தாயி" என்றார். அவரும் கண்ணில் நீர் தளும்ப, "போக மாட்டேன் பாட்டி" என்றார். பிறகு மேடையேறி, மகளுக்குச் சீர்வரிசை செய்யப் பெற்றோர் இப்போதே மாதத் தவணையில் சேமிக்கத் தொடங்க வேண்டும், நகை இருந்தால்தான் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் மரியாதை என்று எழுதிக் கொடுத்ததைப் படித்தார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்ட நாட்டில், வரதட்சணையை எதிர்த்துப் போராடும் பாத்திரத்தின் உடையிலேயே நின்று, நகை கொடுத்தால்தான் மரியாதை என்று ஒருவர் சொல்ல, கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கேட்டது என்ன என்பது உறைத்தது.

தங்கள் வாசகர் 'இரட்டை வேடம்' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டிய இடம் இது. இந்த நடிகை மணவிலக்குப் பெற்றாரா, மறுமணம் செய்தாரா, வீட்டில் மாமியாரோடு பேசுகிறாரா என்பதெல்லாம் எனக்கு வேண்டாத செய்தி. தொடரில் சேர்த்த நம்பிக்கையை, தொடரின் சேலையோடும் தொடரின் கண்ணீரோடும் கொண்டுவந்து, அந்தத் தொடர் சொன்ன கருத்துக்கு நேர்மாறான ஒன்றை விற்பதற்கு முதலீடு செய்தாரே, அதுதான் எனக்குச் செய்தி.

நகைக்கடையோடு போயிருந்தால் நானும் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன். என் மூத்த அக்கா முக்கூடல் பக்கம் இருக்கிறாள். அறுபத்தெட்டு வயது, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சுற்றுவாள். இலையைக் கத்தரிப்பதற்கு மட்டும் கண்ணைத் தாழ்த்துவாள். தூளை அள்ளி வைப்பது, உருட்டுவது, முனையை மடக்குவது, நூலைக் கட்டி அறுப்பது எல்லாம் விரல்கள் தாமாகவே செய்யும். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதா மாதம் ஒரு பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். ஒரு தொடரில், தம்பி பட்ட கடனை அடைப்பதற்காகக் குடியிருந்த வீட்டையே விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போகும் நேர்மையான தகப்பனாக நடிப்பவர், பிற்பகல் நேரத்தில் வரும் ஒரு நீண்ட விளம்பரத்தில், தாம் இந்தப் பொடியைச் சாப்பிட்டுத்தான் சர்க்கரையிலிருந்து விடுபட்டதாகவும், இப்போது மாத்திரையே தேவைப்படவில்லை என்றும் சொல்லிவந்தார். அதே வேட்டி, அதே மூக்குக்கண்ணாடி, பேச்சுக்கு நடுவே கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைக்கும் அதே பழக்கம். அக்கா இரண்டு டப்பா வாங்கினாள். விலை 1,900 ரூபாய்; அவளுடைய இரண்டு வாரத்துப் பீடிக் கூலி.

எனக்கு இது தெரிய வந்தது மூன்று மாதம் கழித்து, காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் புரையோடி, ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் அவளைச் சேர்த்த பிறகுதான். சேர்த்த அன்று சர்க்கரை 430 இருந்தது. மாத்திரை போடுகிறாளா என்று மருத்துவர் கேட்டபோது போடுகிறேன் என்றுதான் சொன்னாள். மாற்றுச் சேலை எடுக்க ஊருக்குப் போன நான் அடுப்படியில் தேயிலை தேடியபோது, ஒரு பழைய பூஸ்ட் பாட்டிலுக்குள் மூன்று மாதத்து மாத்திரை அட்டைகளும் ரப்பர் பேண்டு போட்டு, பிரிக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. தூக்கிப் போட மனம் வராமல் பத்திரப்படுத்தியிருக்கிறாள். திரும்பி வந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கோபப்பட்டேன். "தம்பி வாங்குன கடனுக்கு இருந்த வீட்டையே வித்துக் குடுத்த மனுசன்லா அவிய. நம்மளப் போயி ஏமாத்தவா போறாவ?" என்றாள். எனக்கு மேலே பேச நா எழவில்லை. அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாத ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த மனிதரின் நேர்மைக்கு அவள் கண்ணால் கண்ட சாட்சி உண்டு. மூன்று ஆண்டுகளாகத் தினமும் பார்த்திருக்கிறாள்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் விசாரித்துத்தான் தெரிந்தது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று, மாய மருந்து விளம்பரங்களைத் தடுப்பதற்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை நோய் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. முதல் முறை மீறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை விதிக்கவும், முதல் முறை ஓராண்டு வரையிலும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரையிலும் எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடுக்கவும் வழி செய்கிறது. பரிந்துரைக்கும் முன் அந்தப் பொருளைப் பற்றித் தக்கபடி விசாரித்தறிந்தேன் என்று காட்ட முடிந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பரிந்துரைப்பவர் சொல்வது அவருடைய உண்மையான கருத்தாகவும், அந்தப் பொருளைப் பற்றிய போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்று 2022 ஜூனில் வெளியான வழிகாட்டு விதிகள் கூறுகின்றன. தவறான விளம்பரங்களில் தோன்றும் பிரபலங்களுக்கும் சமமான பொறுப்பு உண்டு என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஆக, ஏட்டில் குறையில்லை. ஆனால் அந்தப் பொடி டப்பாவை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'இது மருந்தல்ல, உணவு' என்று அடியில் கடுகளவு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். விளம்பரத்தில் அந்தத் தகப்பனார் 'உணவு' என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்; பதிவு எண் கைப்பேசியில் வந்தது. மேலே எதுவும் இன்னும் வரவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு என் பங்கைச் சொல்லாமல் விட்டால், நான் குற்றம் சாட்டுகிறவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. கேபிள் தொழில் செய்த காலத்தில் எங்கள் பகுதிக்கு மட்டும் ஓர் உள்ளூர் சேனல் நடத்திவந்தேன். பகலில் பழைய படம், கோயில் கொடை ஒளிப்பதிவு, இடையிடையே உள்ளூர்க் கடை விளம்பரம். 2005 வாக்கில் வீட்டுமனை விற்பவர் ஒருவர், தொடர்களில் பண்ணையாராக வரும் துணை நடிகர் ஒருவரை அழைத்துவந்து எடுத்த விளம்பரத்தைக் கொடுத்தார். தெரிந்த முகம் இருந்ததால், வழக்கமாக வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு பணம் கேட்டேன், கொடுத்தார். மனை எங்கே இருக்கிறது, பத்திரம் என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் அந்த மனைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதுதான், அது குளத்துக்குத் தண்ணீர் வரும் வழி என்பது வாங்கியவர்களுக்குத் தெரிந்தது. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், பணிக்கொடைப் பணம் முழுவதையும் அதில் போட்டிருந்தவர், என் கடைக்கு வந்து, "நடிகரை எங்க போயித் தேட? ஒங்க சேனல்லதான பாத்தேன்" என்றார். "அது விளம்பரம்தான சார்" என்று பதில் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அந்தப் பதிலை நான் இப்போது இன்னொருவர் வாயிலிருந்து கேட்க நேர்ந்தால், அவரைப் பற்றி என்ன நினைப்பேன் என்று எனக்குத் தெரியும்.

நடிகர்கள் பக்கத்தில் சொல்லத்தக்க நியாயமும் இல்லாமல் இல்லை. தொடர் நடிகருக்கு நாள் கணக்கில்தான் சம்பளம். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தால் கதை அவசரமாக முடிந்துவிடும். நடிகர் கொஞ்சம் முரண்டு பிடித்தால், அல்லது உடல்நலம் குன்றினால், 'இனி இவருக்குப் பதிலாக இவர்' என்று திரையில் ஒரு வரி ஓடும், மறுநாள் வேறொருவர் அதே வீட்டில், அதே மனைவியிடம் காப்பி கேட்பார். இரண்டு நாளில் நாமும் பழகிவிடுவோம். பாத்திரத்தின் மேல் நமக்குள்ள பாசத்தில் நடிகருக்குப் பங்கு அவ்வளவுதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்த முகம் மறக்கப்படுவதற்குள் கிடைக்கிற விளம்பரத்தில் நாலு காசு பார்க்கத் துடிக்கிறார். நகைக்கடையோ, அரிசியோ, சோப்போ, அவர் நடித்துவிட்டுப் போகட்டும். அவருடைய சொந்தப் பெயரில், சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடிக்கட்டும். தகப்பனார் வேட்டியையும் மருமகள் சேலையையும் படப்பிடிப்புத் தளத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும் என்பதுதான் என் கோரிக்கை. மருந்து, கடன், சீட்டு, மனை ஆகியவற்றுக்கான விளம்பரங்களிலாவது, தொடரின் பாத்திரப் பெயரையும் உடையையும் பயன்படுத்துவதற்குத் தடை விதிக்க வேண்டும்; 'இவர் ஊதியம் பெற்று நடிக்கிறார்' என்ற வரி விளம்பரம் முடியும்வரை, படிக்கக்கூடிய அளவில், தமிழில் திரையில் நிற்க வேண்டும். புகைபிடிக்கும் காட்சி வரும்போது எச்சரிக்கை வரியைப் போட முடிகிறவர்களுக்கு இது பெரிய வேலையல்ல.

தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தங்கள் நாளிதழிலும் ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் மூட்டுவலித் தைலத்துக்கு ஒரு தொடர் மாமியார் சிரித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க இடமிருந்தால், அந்தப் பக்கத்துக்கு விளம்பரம் வாங்குகிறவரிடமும் ஒரு பிரதியைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது; மருத்துவர்கள் பாதத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது புண் காய்ந்து, வீட்டுக்கு வந்து, கால் நீட்டியபடியே மறுபடியும் சுளகை மடியில் எடுத்துவிட்டாள். மாத்திரை அட்டை இப்போது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தொடர் தொடங்கும் பாட்டுக் கேட்டவுடன் ஒன்றைப் போட்டுக்கொள்கிறாள். பத்திரிகைக்கு இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, தாராளமாக எழுது, ஆனால் அந்த மனிதரின் பெயரை மட்டும் போடாதே என்றாள். ஏன் என்று கேட்டேன். "போடாத தம்பி. பாவம், அவியளுக்கும் புள்ளகுட்டி இருக்குல்லா" என்றாள். அவள் சொன்னது அவருடைய வீட்டுப் பிள்ளைகளையா, தொடரில் உள்ள பிள்ளைகளையா என்று நான் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி பெயரைப் போடவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
வாசகன் ஒருவன்,
பாளையங்கோட்டை.